லக்சரில் எனக்குக் கிடைக்காத இரண்டு வாத்துகள்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எகிப்துக்குப் போனது கோயில்களின் மேலுள்ள ஆர்வத்தால் அல்ல, என் சகலனின் மேலுள்ள எரிச்சலால். அவர் என் மனைவி கலாவின் அக்காவைக் கட்டியவர், சுவிஸில் ஃப்ரிபூர்க்கில் பேருந்து ஓட்டுகிறார். போன வருடம் லக்சருக்குப் போய்வந்தவர், வீட்டுக்கு யார் வந்தாலும் பெரிய தொலைக்காட்சியில் படம் போட்டுக் காட்டுவார். அதில் ஒரு படம் என்னை ஒரு வருடமாகத் தூங்கவிடவில்லை. ஒரு பண்ணை வீட்டில் சம்மணம் கட்டி இருக்கிறார். முன்னால் தட்டில் பொரித்த முழு வாத்து. கலா ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, அத்தானுக்கு என்ன வாழ்க்கை என்பாள். பக்கத்தில் நான் கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த இலையுதிர் விடுமுறையில் ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்தேன். வேலையிடத்தில் ஒருவருக்குத் தேவை என்று பொய் சொல்லி, அவரை லக்சரில் கூட்டித் திரிந்த ஓட்டுநர் மஹ்மூதின் எண்ணைச் சகலனிடமே வாங்கினேன். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று கலாவிடம் சொல்லிவைத்தேன். திட்டம் எளிமையானது. அவர் பார்க்காத ஒரு கோயிலைப் பார்ப்பது. அவர் சாப்பிட்டது ஒரு வாத்து என்றால் நாங்கள் இரண்டு. திரும்பி வந்ததும் அதே வரவேற்பறையில் நான் கதைக்க, அவர் கேட்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை லாங்கன்தாலில் இருந்து சூரிச் விமான நிலையத்துக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஹுர்காடாவுக்கு நாலரை மணி நேரம். விசா அங்கேயே தருகிறார்கள், டாலரைத் தாளாகக் கையில் வைத்திருங்கள். மஹ்மூத் காத்து நின்றார். லக்சருக்கு 290 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், இருபக்கமும் பாலைவனம். மஹ்மூத் ஜெர்மன் நன்றாகப் பேசுவார், அதனால் பயமில்லை.

புதன் காலை ஆறரைக்கே கர்னாக் கோயில். நுழைவு 600 பவுண்ட். பேருந்துக் கூட்டம் எட்டரைக்கு வந்து இறங்கும், அதற்குள் தூண் மண்டபத்தைப் பார்த்துவிடுங்கள். நூற்றுக்கு மேற்பட்ட தூண்கள். நாலு பேர் கைகோத்தாலும் ஒன்றைக்கூடக் கட்டிப்பிடிக்க முடியாது. நான் வாயைப் பிளந்து நின்றபோது, உங்கள் அண்ணனும் சரியாக இதே இடத்தில்தான் நின்றார் என்றார் மஹ்மூத். சகலனைத்தான் சொல்கிறார், எங்கள் உறவு அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டேன்.

வியாழன் என்னுடைய நாள். சகலன் போகாத அபிடோஸ் கோயிலுக்குப் போனோம். 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், வழியில் தென்டெரா கோயிலும் சேர்த்துக் காருக்கு 90 யூரோ. அபிடோஸின் உள்ளறைகளில் சுவர்ச் சிற்பங்களில் சிவப்பும் நீலமும் மூவாயிரம் வருடம் கழித்தும் அப்படியே இருக்கின்றன. எங்களைத் தவிர ஆறு பேர்தான் நின்றார்கள். நான் நூற்று நாற்பது படம் எடுத்தேன். ஒன்றிலும் கலாவைச் சிரிக்கவைக்க முடியவில்லை. அவளுக்குக் கால் வலி.

மறுநாள் பகல், படகில் நைலைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனோம். ஆளுக்கு 15 யூரோவுக்குப் பண்ணைச் சாப்பாடு. கரும்புத் தோட்டத்துக்கு நடுவே மண் பாதையில் நடக்கும்போது கலா நின்றாள்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் கிடையாது. மீனோ இறைச்சியோ அடுப்புப் பக்கமே வராது. லீவு மயக்கத்தில் கிழமை மறந்துபோய், நானே வலிந்து இரண்டு வாத்து சொல்லிவைத்திருந்தேன். எங்களுக்காக அறுத்துச் சமைத்திருப்பார்கள். வேண்டாம் என்றால் அந்தச் சனத்துக்கு எவ்வளவு அவமானம். சாப்பிட்டால் கலா ஒரு மாதம் என்னோடு கதைக்கமாட்டாள். முதலில் படத்தை எடுப்போம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

வீட்டுக்காரி உம் ஹசன் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட தடித்த ரொட்டி, முலுக்கியா என்கிற கீரைக் குழம்பு, மண்சட்டியில் தக்காளியும் உருளைக்கிழங்கும், அவித்த அவரை, வெள்ளைப் பாற்கட்டி, பச்சை வெங்காயம். வாத்து இல்லை. அந்த நேரம் இரண்டு வாத்துகள் முற்றத்தைக் கடந்து நடந்து போயின.

மஹ்மூதிடம் கேட்டேன். போன கிழமை உங்கள் அண்ணன் அழைத்தார் என்றார். தம்பி வெள்ளிக்கிழமை வருகிறான், இறைச்சி தொடமாட்டான், அதைச் சொல்லவும் கூச்சப்படுவான், கீரையைக்கூட இறைச்சிச் சாறு சேர்க்காமல் சமைக்கச் சொல்லுங்கள் என்றாராம். நான் கலாவைப் பார்த்தேன். அவள் வாத்துகளைப் பார்த்தாள்.

மீதியை உம் ஹசன் சொல்ல, மஹ்மூத் மொழிபெயர்த்தார். போன வருடம் சகலன் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். வாத்தை முன்னால் வைத்துப் படம் எடுத்தார். பிறகு வயிறு சரியில்லை என்று ரொட்டியும் வெங்காயமும் மட்டும் தின்றார். தன் சமையலில்தான் குறை என்று அந்த அம்மா பல நாள் கவலைப்பட்டிருக்கிறார். போன கிழமை அழைத்தபோதுதான் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாராம்.

ஒரு வருடமாக நான் வயிறெரிந்தது, அவர் வாயில் வைக்காத வாத்துக்காக. அந்தக் கீரையில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல ருசி, அதுவும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்த ஞாயிறு ஃப்ரிபூர்க் போனோம். வரவேற்பறை நிறைய ஆட்கள். வழக்கம்போல வாத்துப் படம் வந்தது. யாரோ என்னிடம், உங்களுக்கும் கிடைத்ததா என்று கேட்டார். சகலன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் காத்திருந்த நேரம் இதுதான். உண்மை வாய்வரை வந்தது.

"அண்ணைக்குக் கிடைச்ச மாதிரி வாத்து எங்களுக்குக் கிடைக்கேல்லை" என்றேன்.

அபிடோஸ் படங்களை அவர்தான் முழுதாகப் பார்த்தார், நூற்று நாற்பதையும். வெளிக்கிடும்போது கார்வரை வந்து, நான் வலைப்பதிவு எழுதப்போகிறேனா என்று கேட்டார். ஓம், ஆனால் உங்கள் கதையை விட்டுவிடுவேன் என்றேன்.

"விடாதையும் தம்பி. நான் பசியோடை வந்ததையும் எழுதும். எங்கடை ஆக்கள் இனிப் போனா, முன்னமே வாய் திறந்து சொல்லட்டும்."

ஆகவே சொல்கிறேன். பண்ணைச் சாப்பாட்டுக்கு நாள் குறிக்கும் முன் கிழமையைப் பாருங்கள். மரக்கறி வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னரே கூச்சப்படாமல் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். அபிடோஸைத் தவறவிடாதீர்கள். வாத்துக்காக எனக்கிருந்த பொறாமை போய்விட்டது. ஒரு அறை நிறைய ஆட்கள் முன்னால் மறைத்ததை, ஊர் முழுக்க வாசிக்க எழுது என்று சொல்ல அவரால் முடிந்ததே, இப்போது தூங்கவிடாமல் இருப்பது அதுதான்.