சிடிக்கு வைத்த பொட்டு

எங்கள் கடை மவுஸ்களில் எப்போதும் சந்தனம் மணக்கும். திருத்தணிக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்ட பையன்கள், தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் மலையிறங்கி வந்து, அப்பா அம்மாவை பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு, "அர மணி நேரம்தான்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் பிரவுசிங் சென்டருக்குள் நுழைவார்கள்; தலையைச் சொறிந்த அதே கையால் மவுஸைப் பிடித்துத் துப்பாக்கி சுடுவார்கள். அவர்கள் எழுந்து போனதும் நைனா ஈரத்துணியால் மவுஸையும் ஹெட்போனையும் துடைப்பார். துடைத்தால் போய்விடும். சந்தனம் துடைத்தால் போய்விடுகிற பொருள் என்பதை நான் அங்கேதான் கற்றேன். பின்னால் செய்த காரியத்துக்குச் சாக்குத் தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை, சாக்குத் தேடுகிற வயதெல்லாம் போய்விட்டது.

நைனா என்றால் அப்பா. ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் தெலுங்கு பேசாத வீட்டில்கூட எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவார்கள், எங்கள் வீட்டில் இரண்டும் பேசுவோம். அவர் முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். தட்டச்சு படிக்க ஆள் வருவது குறைந்ததும் மெஷின்களை ஓரமாக அடுக்கிவிட்டு ஐந்து பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டார். கடிதம் டைப் அடிக்கவும் பரீட்சை முடிவு பார்க்கவும் ஆட்கள் வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் ஐந்து மெஷினையும் ஒயரால் இணைத்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்துக்கு வந்த பையன்கள். "வலப்பக்கம் வர்றான்டா, வலப்பக்கம்!", "டேய், நம்ம ஆளையே சுட்றியேடா பாவி" என்று ஒரே இரைச்சலாக இருக்கும். நைனா நடுவில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அந்த இரைச்சல் அவருக்குப் பிடித்திருந்தது என்பது அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நின்றது ஒரு வதந்தியால். எங்கேயோ ஓர் ஊரில், திருட்டு விண்டோஸ் போட்டிருந்த சென்டருக்குள் போலீஸ் புகுந்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரைச் சொன்னார்கள். மற்ற கடைக்காரர்கள் இரண்டு நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துவிட்டு மறந்துபோனார்கள். எங்கள் நைனா மட்டும், "அடுத்தவன் பொருள்ல பொழைக்கிற பொழப்பு நமக்கு வேணாம்" என்று சொல்லி, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் சிடியை என் அண்ணன் கையில் கொடுத்து ஐந்து மெஷினிலும் போடச் சொல்லிவிட்டார். அண்ணன் பெயர் தணிகை. எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது.

லினக்ஸில் அந்தச் சுடும் ஆட்டம் ஓடவில்லை. அதற்குப் பதிலாக, பனிமலையில் வயிற்றால் சறுக்கிக்கொண்டே மீன் பொறுக்கும் ஒரு பெங்குவின் இருந்தது. பையன்கள் வந்தார்கள், பெங்குவினைப் பார்த்தார்கள், "இன்னா அண்ணாத்த, பால்வாடி ஆக்கிட்ட?" என்று கேட்டுவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். ஒரு வாரத்தில் கடை காலி. எனக்கு மட்டும் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஐந்து மெஷினும் என்னுடையவை, நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து யார் பெங்குவின் முதலில் கீழே போய்ச் சேருகிறது என்று பந்தயம் கட்டுவோம். அவன் வேண்டுமென்றே மரத்தில் மோதித் தோற்பான்.

கடைக்கு வருவதை நிறுத்தாத ஒரே ஆள் பஷீர். லாரி மெக்கானிக் மகன், அண்ணனின் கூட்டாளி. அவன் விரலில் இருந்த கிரீஸும் மவுஸில் இருந்த சந்தனமும் சேர்ந்து ஒரு தனி வாசனை அடிக்கும். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுத மேய்க்க" என்று சொல்லிக்கொண்டே அவனும் பெங்குவின் ஓட்டினான்.

அந்த நாட்களில்தான் சென்னையிலிருந்து பாவா, அதாவது எங்கள் அத்தை மகன், அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் கம்பெனியில் லினக்ஸ் தெரிந்த பையன்கள் வேண்டுமாம். நைனாவுக்கு அண்ணனைக் கடையில் உட்காரவைத்துவிட வேண்டும், கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது.

"அந்த ஆட்டம் லினக்ஸ்ல ஓடிச்சுன்னா பசங்க திரும்பி வருவானுங்க, நானும் இங்கயே இருந்துடறேன். ஓடலைன்னா பாவாகிட்ட போறேன், நைனா" என்றான் அண்ணன்.

"எது வரைக்கும் பாக்கறது?"

"விஜயதசமி வரைக்கும்."

"ஆங், சரி. வாக்கு மாறக்கூடாது" என்றார் நைனா. அம்மா இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். அண்ணன் போய்விட்டால் என்னோடு பந்தயம் கட்ட ஆள் இருக்காதே என்று நான் கவலைப்பட்டேன். அந்த வருஷம் என் கவலை முழுவதும் அதுதான்.

அடுத்த ஐந்து மாதம் அவன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ அடித்துக்கொண்டே இருந்தான். விண்டோஸ் ஆட்டத்தை லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு, ஆனால் அது எங்கள் கிழட்டு மெஷின்களோடு ஒத்துப்போகவில்லை. ஆட்டத்தின் அசல் சிடியைப் பாவா வாங்கி அனுப்பினார். மற்றதெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து டெலிபோன் ஒயர் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டியிருந்தது. முதலில் திரை வந்தது, ஆள் வரவில்லை. பிறகு ஆள் வந்தான், துப்பாக்கி இல்லை. பிறகு துப்பாக்கி வந்தது. இப்போது சுட்டால் அப்புறமாகச் சத்தம் கேட்டது. பஷீர் விழுந்து விழுந்து சிரித்தான். நவராத்திரி தொடங்கி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு மெஷினில் எல்லாம் சரியாக ஓடியது. பஷீர் எழுந்து நின்று, "ஓடுது மச்சான், வெண்ண மாரி ஓடுது" என்று கத்தினான். நைனா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தார், அண்ணன் தலையில் கை வைத்தார். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து மெஷினிலும் அதை ஒரே மாதிரி போட வேண்டும். "விஜயதசமி அன்னிக்கு எல்லாத்தையும் புதுசா ஆரம்பி" என்றார் நைனா. எங்கள் ஊரில் நல்ல காரியத்தை அன்றுதான் தொடங்குவார்கள். அதனால் அண்ணன் ஐந்து மாத உழைப்பையும் ஒரு சிடியில் எழுதிக்கொண்டு, ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஐந்து மெஷினையும் சுத்தமாக அழித்துவிட்டான். இன்னொரு சிடியில் எழுதிவைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அந்த ஒரே சிடியை வெள்ளைக் காகித உறையில் போட்டு, பூஜையில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தான்.

ஆயுத பூஜை அன்று மானிட்டர்களுக்கு விபூதிப் பட்டை, கீபோர்டுகள் மேல் சாமந்தி, பழைய டைப்ரைட்டர்களுக்கு மாவிலை, நடுவில் பொரியும் கடலையும். சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் என் கையில். "எல்லாத்துக்கும் பொட்டு வை பாப்பா, ஒன்னு உடாத" என்றார் நைனா. ஒன்றையும் விடவில்லை. ஸ்டேப்ளருக்கு வைத்தேன், ஈரத்துணி தொங்கும் ஆணிக்குக்கூட வைத்தேன். கடைசியில் சிடி. உறைக்கு வைத்தால் பொட்டு உறைக்குத்தானே சேரும் என்று வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் அண்ணனின் கையெழுத்து. திருப்பினால் இன்னொரு பக்கம் பளபளவென்று இருந்தது, அதில் என் முகம் தெரிந்தது. பொட்டை முகத்துக்குத்தானே வைப்பார்கள், முதுகுக்கா வைப்பார்கள்? பளபளப்பான பக்கத்தில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, பத்திரமாக உறைக்குள் போட்டுவிட்டேன். எனக்கு மனசெல்லாம் நிறைவாக இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, உறையைச் சரித்து நழுவிய சிடியை அப்படியே டிரைவில் போட்டான். உள்ளே 'கர்ர்' என்றது. மறுபடி 'கர்ர்'. வெளியே இழுத்தபோது தட்டு முழுக்கச் சந்தனப் பொடி. பதறிப்போய்ச் சட்டை நுனியால் துடைத்தான். காய்ந்த சந்தனத்தோடு குங்குமமும் சேர்ந்து தேய்த்ததில் சிடியில் வட்டவட்டமாகக் கீறல் விழுந்தது. மற்ற மெஷின்களிலும் போட்டுப் பார்த்தான், ஒன்றும் அதைப் படிக்கவில்லை.

"யாரு வெச்சது இத?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.

என் நகக்கண்ணில் சந்தனம் இன்னும் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நைனா என்னைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "நான்தான்டா வெச்சேன். சாமி காரியத்துல பொட்டு வெக்காம உடுவாங்களா?" என்றார்.

"நீயா வெச்ச?"

"ஆங், நான்தான்."

அண்ணன் அவரையே பார்த்தான். "வெண்ண தெரண்டு வரசொல்ல தாழி ஒடஞ்ச கதையா பூடுச்சே" என்று அம்மா புலம்பினாள். பஷீர்தான் அண்ணன் தோளைப் பிடித்து, "இன்னா இப்போ? ஒருவாட்டி போட்டவனுக்கு இன்னொருவாட்டி போடத் தெரியாதா? நானும் கூட இருக்கேன் மச்சான்" என்றான். அண்ணன் அந்தக் கையை விலக்கினான். "நான் போகக்கூடாதுன்னு சொல்லி, கடைசில நீயே அனுப்பிட்ட நைனா" என்று சொல்லிவிட்டுப் பையில் துணி எடுத்து வைத்தான். மத்தியான ரயிலில் போனான். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

அதன்பிறகு அவன் தீபாவளிக்கு வந்தால் பொங்கலுக்கு வரமாட்டான். சென்னை, பிறகு பெங்களூர், பிறகு வெளிநாடு. நைனாவோடு போனில் "நல்லா இருக்கியா", "இருக்கேன்" என்ற இரண்டு வார்த்தைதான். கடை இரண்டு வருஷம் பெங்குவினோடு ஓடி, மூடிப்போனது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வீட்டில் எல்லாவற்றுக்கும் நைனாவே பொட்டு வைத்தார், சந்தனக் கிண்ணத்தை மறுபடி என் கையில் கொடுக்கவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன வருஷம் நைனா போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வெகு நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கும், இருப்பது தெரியாது; அப்படித்தான் இருந்தது. பத்தாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் மொட்டைத் தலையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊரில் சந்தனம் பூசாத மொட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அது மலைக்குப் போன மொட்டை இல்லை என்று. பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அண்ணா, அந்தச் சிடிக்கு நான்தான் பொட்டு வெச்சேன்."

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"ஒவ்வொரு பொட்டும் மொளகு மாரி இருந்துச்சு. நைனா வெரலு எவ்ளோ பெருசு. அவரு சிடிய எடுத்தா வெளிம்பத்தான் புடிப்பாரு, பளபளப்புல கையே வெக்கமாட்டாரு."

"அப்போ ஏன் போன?"

அவன் தலையைத் தடவிக்கொண்டான். "ஓடிச்சுன்னா இருக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன் இல்ல? ஓடிடுச்சே பாப்பா. பஷீர் கத்தனான், நைனா தலையில கை வெச்சாரு. இனிமே இங்கயேதானான்னு அன்னிக்கே எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அப்பால அவரே நான்தான்னு சொன்னாரு, கோச்சிக்கினு போறதுக்கு ஒரு வழி கெடச்சிச்சு, போயிட்டேன்."

"நைனாகிட்ட சொன்னியா?"

"இன்னான்னு சொல்றது?"

இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கி வைத்தால் அழுகையாவது கோபமாவது வரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கீழே அம்மா காபிக்குக் கூப்பிட்டாள், இரண்டு பேரும் எழுந்து போனோம்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மொட்டையடித்த பையன்கள் இப்போதும் மலையிறங்கி வருகிறார்கள். கூட்டத்தில் யார்மேலும் இடிக்காமல் நடந்துகொண்டே, தங்கள் கைபேசியிலேயே சுடுகிறார்கள், சந்தனம் அந்தத் திரையில் படிகிறது. அதைத் துடைக்க யாரும் ஈரத்துணியோடு நிற்பதில்லை. என் வேலைக்கு நான் வைத்திருக்கும் லேப்டாப்பில் ஓடுவதும் லினக்ஸ்தான். அதில் அந்தப் பெங்குவினும் இருக்கிறது, அந்தச் சுடும் ஆட்டம்கூட ஒரு சொடுக்கில் இறங்கிவிடுகிறது. சிடி போடத்தான் வழி இல்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "நைனாதான் இல்லையே, நீயே எல்லாத்துக்கும் வெச்சிடு" என்றாள். அரிவாள்மணைக்கு வைத்தேன், மிக்ஸிக்கு வைத்தேன், வண்டிக்கு வைத்தேன். மூடியிருந்த லேப்டாப் முன்னால் வந்து, அதற்கு எந்தப் பக்கம் முகம் என்று தெரியாமல், விரலில் இருந்த சந்தனம் காய்கிறவரை நின்றுகொண்டிருந்தேன்.