டிசம்பரில் மிஞ்சிய மீன்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடுவதற்குத்தான். கயிறு பிடித்துப் பழகிய விரல்கள் பேனாவையும் கயிறு போலவே இறுக்குகின்றன. இந்தத் தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படுகிறது. வாயால் சொல்ல முடிந்திருந்தால் இந்தத் தாளைக் கெடுத்திருக்கமாட்டேன். சொல்லவேண்டிய இடம் எனக்கு இரண்டு தடவை கிடைத்தது. இரண்டு தடவையும் விட்டுவிட்டேன்.

டெக்ஸாஸில் கால்வெஸ்டன் துறைமுகத்தில் பதின்மூன்று வருஷமாக ஒரே படகில் வேலை செய்கிறேன். படகில் மூன்று பேர். கேப்டன் வெள்ளைக்காரர், படகும் அவருடையதுதான். மற்றது நானும் என் மச்சானும். மச்சான் என் தங்கச்சியைக் கட்டியவன். அவனைப் படகில் சேர்த்துவிட்டது நான்தான்.

நாங்கள் பிடிப்பது ரெட் ஸ்னாப்பர். இந்தியக் கடைகளில் சங்கரா என்று எழுதி வைப்பார்களே, அந்தச் சிவப்பு மீன். இதை நினைத்தபடி பிடிக்க முடியாது. வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு படகுக்காரருக்கும் அரசாங்கம் ஓர் அளவு கொடுக்கிறது. அதைக் கோட்டா என்பார்கள். ஜனவரியில் கொடுக்கிற அளவு டிசம்பர் கடைசி நாள் மாலையோடு செத்துவிடும். பிடிக்காமல் விட்டதை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. எனக்குத் தெரியவேண்டியிருந்த சட்டம் அது ஒன்றுதான்.

எங்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டனின் தகப்பன் காலத்திலிருந்து வருவதாம். கயிறு அவிழ்க்கும் முன்னால் கேப்டன் ஒவ்வொருவராகக் கேட்பார், "போகலாமா?" என்று. வயதில் குறைந்தவனிடம் முதலில் கேட்பார். ஒருவன் வேண்டாம் என்றாலும் படகு போகாது. ஏன் என்று கேட்கமாட்டார். ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கேப்டன் வாயை மூடுவதற்குள் மச்சான் சரி என்பான், நான் தலையை ஆட்டுவேன்.

மச்சான் பகிடிக்காரன். நான் பேசாததைப் பற்றி அவன் சொல்லாத பகிடி இல்லை. தங்கச்சி வீட்டில் சாப்பிடும்போது சொல்லுவான், "இவனுக்கு வாயிலயும் கோட்டாதான். வருஷத்துக்குப் பத்துச் சொல்லு. அதிலயும் மிச்சம் பிடிச்சு வைக்கிறான்." நானும் சிரிப்பேன். சிரிப்பதற்குக் கோட்டா இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்திய கோடையில் கேப்டனுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. படகு இரண்டு மாதம் கட்டிக் கிடந்தது. அதனால் கிறிஸ்மஸ் முடிந்த பிறகும் மீன் மிஞ்சியிருந்தது. கேப்டன் எங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துறைமுகத்தில் நடக்கும்போது காலைக் கொஞ்சம் இழுத்தபடி வானத்தைப் பார்ப்பார், பிறகு போனைப் பார்ப்பார். போனில் மிஞ்சிய மீனின் கணக்கைத்தான் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

டிசம்பர் இருபத்தெட்டு விடிய ஐஸ் ஏற்றினோம். மூன்று நாள் பயணம். மூன்றாம் நாள் பின்னேரம் வாடைக்காற்று வருமென்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே அந்தக் காற்று வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வேறு கடலாகிவிடும். அதற்கு முன்னால் கரைக்கு வந்துவிடலாம் என்பது கேப்டனின் கணக்கு.

எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. காற்றே இல்லாத காலையில் தண்ணீர் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. வடக்கு வானம் கழுவி வைத்த பீங்கான் மாதிரி இருந்தது. அப்படித் துப்புரவான வானமென்றால் காற்று சொன்ன நேரத்துக்கு முதலே வந்துவிடும்.

கேப்டன் மச்சானைப் பார்த்தார். "போகலாமா?"

மச்சான் எப்போதும்போல உடனே சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு மச்சான். வானம் பார்க்கத் தெரிஞ்சவன் நீதான்." பிறகு கேப்டனிடம் இங்கிலீஷில், "அவன் சொல்லுறதுதான் நானும்" என்றான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்பது சின்னச் சொல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேப்டனின் வீங்கிய முழங்காலைப் பார்த்தேன். ஏற்றிய ஐஸைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் ஆளாக அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறவன் நானா என்று கூச்சமாக இருந்தது.

"ஓகே" என்றேன்.

இரண்டு நாள் மீன் நன்றாகக் கடித்தது. மூன்றாம் நாள் காலை கேப்டன் இன்னும் நாலு பெட்டி நிரம்பினால் போதும் என்றார். இரண்டு பெட்டி நிரம்பியபோது காற்று வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்னால். நங்கூரத்தை எடுக்கச் சொல்லிக் கேப்டன் கத்தினார். நான் ஐஸ் அறையின் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் முன்னால் நின்று நங்கூரக் கயிறு சுற்றுகிற விஞ்சில் கயிற்றுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். படகு மூக்கைக் குத்தி எழுந்தது. தளர்ந்த கயிறு ஒரேயடியாக இறுகியது.

மச்சான் கத்தவில்லை. அதனால்தான் நான் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவன் விஞ்சின் பக்கத்தில் முழங்காலில் இருந்தான், எதையோ தவறவிட்டுத் தேடுகிறவன் மாதிரி.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கரை வந்துசேரப் பத்து மணி நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவனுடைய கையைத் துணியால் சுற்றி என் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கண் திறந்து, "மீனுக்கு ஐஸ் காணுமே?" என்று கேட்டான். காணும், ஐஸ் போதும் என்றேன்.

பிடிக்காமல் மிஞ்சிய மற்ற இரண்டு பெட்டி மீனும் அடுத்த நாள் மாலையோடு கணக்கிலிருந்து போய்விட்டது.

தங்கச்சி குடும்பம் கரையை விட்டு, டெக்ஸாஸின் வடக்கே கடலே இல்லாத ஃபிரிஸ்கோவுக்குப் போனது. அங்கே ஓர் இந்தியக் கடையில் மச்சான் சாமான் வண்டிகளைத் தள்ளி அடுக்குகிறான். ஒரு தடவை போனபோது கடைக்குள் பார்த்தேன். ஐஸில் சங்கரா அடுக்கியிருந்தது. அவன் அந்தப் பக்கம் போவதில்லை என்று தங்கச்சி சொன்னாள். அவர்கள் வீட்டில் இப்போது மீன் சமைப்பதும் இல்லை.

இந்த வருஷம் சித்திரை மாதம், பிடிக்காத மீனில் ஒரு பங்கை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக விடலாமா என்று பேச மீன்பிடி அதிகாரிகள் ஒரு கூட்டம் வைத்தார்கள். கடற்கரை ஓட்டல் ஒன்றின் மண்டபத்தில். யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். கேப்டன் என்னிடம் வந்தார். "நான் பேசினால் என் லாபத்துக்குப் பேசுகிறேன் என்பார்கள். நீ பார்த்தவன். நீ சொல்லு" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. சரி என்று தலையை ஆட்டினேன். பத்து நாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். கேள்விப்பட்டு மச்சானும் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தான்.

"நீ கதைக்கிறதைப் பார்க்க வேண்டாமே?" என்றான். "இப்பிடி ஒண்டு இனி எப்ப வரும்?"

மண்டபத்தில் பலர் பேசினார்கள். மீனைப் பற்றிப் படித்த ஒரு பெண், பிடிக்காத மீன் பெட்டியில் வைத்த சாமான் போல அப்படியே இருப்பதில்லை, எல்லாரும் மிச்சத்தை ஒரே வருஷத்தில் சேர்த்துப் பிடித்தால் மீன் தாங்காது என்றாள். என்னைவிட வயதான ஒரு மீன்காரர், "நான் பிடிக்காத மீன் இந்நேரம் முட்டை போட்டிருக்கும். அதை இன்னொரு தடவை ஏன் கேட்கவேண்டும்?" என்றார். அவர்கள் சொன்னது பிழை என்று எனக்குப் படவில்லை. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு படகில் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சரியாகச் சொல்ல வரவில்லை அவர்களுக்கு, என்றாலும் அது நான்தான். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். மச்சான் முழங்கையால் இடித்தான். நான் காலிலிருந்த என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது மச்சான் எழும்பிப் போனான்.

வலது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டபடி மைக்குக்கு முன்னால் நின்றான். அவனுடைய இங்கிலீஷ் என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் நல்லது. டிசம்பரில் போனோம், காற்று வந்தது, காயம் பட்டது என்றான். அவ்வளவுதான்.

மேசையிலிருந்த ஒருவர் கேட்டார், "கேப்டன் உங்களைக் கட்டாயப்படுத்தினாரா?"

"இல்லை. கேட்டார். நாங்கள் சரி என்றோம்."

"யாராவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?"

"படகு போயிருக்காது, சேர்."

அவர் குனிந்து எதையோ எழுதினார். மச்சான் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். கையைப் பைக்குள்ளிருந்து எடுக்கவேயில்லை. கடைசியில், இதை இன்னும் ஆராயவேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். கேப்டன் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

என்னை அறையில் இறக்கிவிட மச்சான் கடற்கரை ரோட்டால் காரை ஓட்டினான்.

"கையை ஏன் காட்டேல்ல?" என்று கேட்டேன்.

"காட்டுறதுக்கு அது என்ன மீனே?"

கொஞ்சத் தூரம் போனோம். பிறகு அவன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "அண்டைக்கு நீ வேண்டாம் எண்டுதானே நினைச்சனீ?"

ஒன்றரை வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். "ஓம்" என்றேன்.

"தெரியும். உன்ர முகத்தைப் பார்த்தனான். எனக்கும் பயம்தான். நீ சொல்லுவாய் எண்டு நிண்டன்."

"நீ சொல்லியிருக்கலாமே, மச்சான்."

"நான் சொன்னா நீ சிரிப்பாய் எண்டு நினைச்சன்."

நான் யாரையும் பார்த்து அப்படிச் சிரித்தவன் இல்லை. அதையும் அப்போது சொல்லவில்லை. கார் நின்றது. இறங்கினேன். அவன் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

இந்த டிசம்பரிலும் மீன் மிஞ்சியது. மச்சானின் இடத்துக்கு வந்தவர்கள் நிலைக்காமல் ஆள் மாறி மாறி நாள் போய்விட்டது. இப்போதிருப்பவன் ஹோண்டுராஸ்காரன், முப்பது வயதிருக்கும். சனிக்கிழமை விடிய ஐஸ் ஏற்றினோம். திங்கள் பின்னேரம் வாடைக்காற்று வருமென்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர் அதேபோல அடியிலிருந்து தூக்கியது.

கேப்டன் அவனைக் கேட்டார். போகலாம் என்றான், உடனே. பிறகு என்னைப் பார்த்தார்.

"நோ" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கேப்டன் ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். வழக்கப்படி ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய் எஞ்சினை நிறுத்தினார். புதியவன் தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டான். ஏற்றிய ஐஸை நான் தனியாக இறக்கினேன்.

காற்று வரவில்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. போன படகுகள் பெட்டி நிறைய மீனோடு வந்தன. கேப்டன் துறைமுகத்தில் நின்று அவர்கள் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் போகவில்லை. இன்று மாலையோடு எங்கள் மீன் கணக்கிலிருந்து போய்விடும். ஜனவரிக்கு என்னைக் கூப்பிடுவாரா தெரியாது. இதுவரை போன் வரவில்லை.

மத்தியானம் மச்சானுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"காத்து வந்ததே?"

"இல்லை."

அவன் சிரித்தான். கனநேரம் சிரித்தான். சிரித்து முடிந்ததும் கேட்டான், "விரலெல்லாம் இருக்கே?"

"இருக்கு."

"அந்தப் புது ஆளுக்கு?"

"அவனுக்கும் இருக்கு."

"பிறகென்ன," என்றான். கடையில் ஆள் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டான்.

கூட்டத்தில் பேசாதவர்கள் எழுதியும் அனுப்பலாம் என்று சித்திரையில் சொல்லியிருந்தார்கள். இதை இங்கிலீஷில் மாற்ற யாரையாவது பிடிக்கவேண்டும். அந்த மேசையிலிருந்தவர் எழுதிக்கொண்டது சரிதான். எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் போக விரும்பவில்லை. அது அவருடைய தாளில் இல்லை. அதனால் இந்தத் தாளில் எழுதிவைக்கிறேன்.

2024 டிசம்பர் 31, செவ்வாய்க்கிழமை.