மோரிக்கு வந்த புழுப்பாம்பு

தாராவியில் இட்லி அவித்து சைக்கிளில் விற்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மழையில் எங்கள் வீட்டு மோரியில், பாத்திரம் கழுவும் இடத்தில், ஒரு புழுப்பாம்பு ஏறி வந்தது. விரல் நீளம்தான். மண்புழு மாதிரி இருக்கும். கண் தெரியாது, விஷமும் கிடையாது. பக்கத்தில் மாவுப் பானை மூடித்தான் இருந்தது.

அடுத்த வீட்டு இசக்கி அண்ணாச்சி எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏ, மாவுக்குள்ள பாம்புல்லா கெடக்கு! ஒருத்தரும் வாங்கித் தின்னுறாதிய!"

சந்தே கூடிவிட்டது. நான் அதை உள்ளங்கையில் எடுத்து நீட்டினேன்.

"பாருங்க அண்ணாச்சி, இது கடிக்காது. பானையும் மூடித்தான் இருக்கு."

"கடிக்காட்டா பாம்பு இல்லன்னு ஆயிருமாடே?" என்று கையைத் தட்டிவிட்டார். கீழே விழுந்ததைச் செருப்பால் மிதித்தார்.

"இன்னைக்குப் பாம்பு இட்லி, நாளைக்குப் பல்லி சட்னியா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். பயந்திருந்தால் மன்னித்திருப்பேன். சிரித்தார்கள்.

என் இட்லியைத் தின்று வளர்ந்த சந்து அது. ஒருவர்கூடப் பானை மூடியைத் திறந்து பார்க்கவில்லை. யாரும் வாங்காத மாவை என் மனைவி அழுதுகொண்டே சாக்கடையில் கொட்டினாள்.

இப்போது மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் விற்கிறேன். நேற்று அண்ணாச்சி வழிமறித்து, "பழசெல்லாம் மறந்துருடே. ரெண்டு இட்லி தா," என்றார். நான் சைக்கிளை மிதித்தேன்.

இட்லிக்காரன் ஹாரன் கேட்டுத்தான் இங்கே காலையில் கதவு திறக்கும். எங்கள் சந்து தாண்டும்வரை நான் ஹாரனைத் தொடுவதில்லை.