பூஜ்யத்தில் குடியேற விரும்பிய முதலாளி

கணினிகளைக் கம்பியால் இணைக்கும் தொழிலில் கம்பி முரண்டு பிடிப்பதில்லை. முகவரி எண்தான் பிடிக்கும், அதைப் பெற்றுக்கொள்பவர் அதனினும் அதிகமாகப் பிடிப்பார் என்பதை, இதில் அல்லற்பட்ட அன்பர்கள் அறிவீர்கள். தொண்ணூறுகளின் இறுதியில், நூல்களைப் படித்தே இதைக் கற்றுக்கொண்ட எனக்குத் தாடிக்கொம்புச் சாலையில் ஒரு நூற்பாலை முதன்முதலாக வாய்த்தது. அது கைநழுவினால் வேறெந்த ஆலையும் எனக்குக் கதவு திறக்காது. ஒட்டன்சத்திரத்துக்காரரான முதலாளி முதல் நாளே சொன்னார்: "சரியா வரலைன்னா மதுரைக் கம்பெனியக் கூப்புட்டுருவேனுங்க."

எந்த வகுப்பு?

முகவரி என்பது நான்கு எண்கள். சி வகுப்பில் முதல் மூன்றும் தெருவின் பெயர், நான்காவது கதவெண். ஏ வகுப்பிலோ முதல் எண் மட்டுமே தெரு. எஞ்சிய மூன்றும் கதவுக்கே. ஆகவே ஒரு தெருவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கதவுகள். சி வகுப்பு என்றதும் முதலாளியின் முகம் சுருங்கியது. ஏ வகுப்பே வேண்டுமென்றார். கணக்கர் அந்தோணி குறுக்கிட்டார்: "அம்புட்டு வீட்டுக்கும் ஆளுக்கு எங்கிட்டுப் போறதுய்யா? நம்மட்ட இருக்கறதே பன்னெண்டு பொட்டி."

முதல் இலை

முதலாளி ஒருவழியாக இணங்கிய சி வகுப்பில் பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை, ஆக இருநூற்று ஐம்பத்தாறு கதவுகள். குடியேறத் தக்கவை இருநூற்று ஐம்பத்து நான்கே. அந்தோணிக்கு ஒன்றாம் எண் என்றறிந்த முதலாளி, அவருக்கும் முந்திய பூஜ்யத்தைத் தமக்குக் கேட்டார். இட்டுக் காட்டினேன், கணினி ஏற்கவில்லை. அவர் உடனே மதுரைக்குத் தொலைபேசியில் பேசி, மாலைக்குள் ஆளை வரச் சொன்னார்.

பூஜ்யம் தெருவுக்கே உரிய பெயர் என்றேன், செவியில் ஏறவில்லை. "ஆயுத பூஜைப் பந்தியில் முதல் இலையைப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு, அடுத்த இலையில்தானே அமர்கிறோம்?" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி எலையில நான் போயி உக்காருவனுங்களா? இத மொதல்லயே சொல்ல வேண்டாமுங்களா!"

கடைசிக் கதவு

அடுத்து, எல்லாவற்றிலும் பெரிய எண்ணான இருநூற்று ஐம்பத்தைந்தைக் கேட்டார். அது தெரு முழுவதையும் கூவி அழைக்கும் எண். அங்கு அனுப்புவது எல்லாக் கதவுகளுக்கும் போய்ச் சேரும். எனவே அதிலும் எவரும் குடியிருப்பதில்லை என்றேன். "நல்லதாப் போச்சு. ஐயாவுக்கு வர்றத நாங்களும் படிச்சுக்கிருவோம்ல!" என்று சிரித்தார் அந்தோணி. முதலாளி இரண்டாம் எண்ணுக்கு இறங்கினார்.

பன்னிரண்டு கணினிகளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய வேளையில், மதுரைக்காரர் வாயிலில் வந்து இறங்கினார். முதலாளி சன்னல் வழியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "வந்த மனுசனுக்கு ஒரு டீயக் குடுத்து அனுப்புங்க, அந்தோணி. நம்ம தெருவுல எடமில்லைன்னு சொல்லிருங்க."

இருநூற்று நாற்பத்திரண்டு கதவுகள் காலியாகக் கிடந்த தெருவில் இடமில்லை என்ற அந்தப் பிழையான கணக்குத்தான் எனக்கு அதன்பின் பல ஆண்டுகள் சோறு போட்டது.