கேம் பெட்டிக்குச் சிப் வைத்த நாட்கள்

காப்பி சிடியும் ஓடுவதற்காகக் கேம் பெட்டிக்குச் சிப் வைப்பது பல் டாக்டர் வேலை மாதிரி: மூடியைத் திறப்பது எல்லாருக்கும் தெரியும், உள்ளே எதைச் சுரண்டினோம் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். காப்பி சிடியில் கேம் ஆடிப் பாதியில் நின்றுபோய்த் தவித்த புண்ணியவான்களே, இது உங்களுக்குத்தான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சால்டரிங் கற்றவள் நான். குழந்தை பிறந்ததும் ஈஜிபுராவில் ரஃபீக் பாயின் கேம் பெட்டி ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டேன். மகளையும் கூட்டிவர விட்ட ஒரே முதலாளி அவர்தான்.

முழுப் பேனா

சிப் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பேனா ஸ்பிரிங்கை மூடி ஸ்விட்சில் செருகினால், மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகப் பெட்டி நம்பிவிடும். ஒரிஜினல் சிடியில் தொடங்கி, சுற்றும்போதே எடுத்துவிட்டுக் காப்பியை வைக்கலாம். இதைச் சொல்லி அனுப்பிய ஆட்டோக்காரர் மறுநாளே திரும்பி வந்தார். பெட்டிக்குள் ஒரு முழுப் பேனா, மையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

"ஸ்பிரிங்கை மட்டும் எடுத்தா பேனா வேஸ்ட் ஆயிடுமேனு பார்த்தேன் சிஸ்டர்."

குப்புற

சிடியைப் படிக்கிற லென்ஸ் தேய்ந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஓர் அம்மா தினமும் அதைத் துடைத்து நிமிர்த்தி வைப்பாராம், மகன் தினமும் சண்டை போடுவானாம். நியாயம் கேட்கக் கடைக்கே வந்துவிட்டார்.

"காலையிலேர்ந்து வீட்டையே நிமிர்த்துறேன், இது ஒண்ணு மட்டும் குப்புறக் கெடக்கணுமா?"

செத்த பெட்டி

பிறகு கையில் வைத்து ஆடும் பெட்டிகள் வந்தன. சிப்புக்கு வேலையில்லை. யார் யாரோ ஆசைக்கு எழுதி இன்டர்நெட்டில் போடும் புரோகிராமை மெமரி கார்டில் ஏற்றினால் போதும், காப்பி கேம் ஓடும். கம்பெனி அப்டேட் விட்டால் அதுவும் நின்றுவிடும். ஹெப்பகோடியிலிருந்து வரும் செந்தில் இப்படி எதையோ ஏற்றும்போது பாதியில் சார்ஜ் தீர்ந்து, பெட்டி செத்தே போனது. பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. அதே வாரத்தில் இன்னும் நாலு பேர் அதே மாதிரி கொண்டுவந்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாய் என் சால்டரிங் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேஜையை எடுத்துவிட்டால் நான் மறுபடி பொம்மசந்திரா கம்பெனிக்குத்தான் போகணும். மகளை அங்கே கேட்டுக்குள்கூட விடமாட்டார்கள்.

"இனிமே மொபைல் கவர்தான்மா விக்கணும். பேஜார் பண்ணிக்காதே."

தூக்கிய கால்

மறுவாரம் செந்தில் ஒரு பிரின்ட் அவுட்டோடு ஓடிவந்தார். முகம் தெரியாத யாரோ கண்டுபிடித்தது: பேட்டரியைப் பிளந்து, உள்ளே இருக்கும் ஐசி என்கிற குட்டிச் சில்லின் ஒரு காலைத் தூக்கிவிட்டால், செத்த பெட்டி அதைக் கம்பெனி சர்வீஸ்காரர்களின் பேட்டரி என்று நினைத்து, மெமரி கார்டில் போட்டிருக்கும் ரிப்பேர் புரோகிராமைப் படித்து எழுந்துகொள்ளுமாம். மயிரிழை தடிமன்தான் அந்தக் கால். மகளைப் பாய் மடியில் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். கார்டையும் பேட்டரியையும் போட்டதும், பட்டனைத் தொடாமலே திரை பளிச்சென்று எரிந்தது. அதே பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டதில், அன்றைக்கே ஐந்து பெட்டியும் உயிரோடு போயின.

"கவர் ஆர்டரை கேன்சல் பண்ணிடறேன், மொதல்ல பொண்ணைப் பிடிம்மா, பேன்ட் நனைஞ்சு போச்சு!"

அந்த ஒரு பேட்டரி என் மகள் பள்ளிக்கூடம் சேரும்வரை எங்களுக்குச் சோறு போட்டது. கம்பெனிக்காரர்கள் பூட்டுகிறவரை எங்களுக்குத் திறக்கிற வேலை இருக்கும், என்றைக்காவது கேமைச் சும்மாவே கொடுக்க ஆரம்பித்தால்தான் எங்கள் பாடு திண்டாட்டம்.