நடுவில் நின்று பார்த்தது

நெத்திலிக் கருவாட்டு டப்பாவை அவர் கைக்கு எட்டாதபடி மேசையின் மறுமுனைக்குத் தள்ளி, "இன்னிக்கு உப்பு ஜாஸ்திண்ணா" என்றேன். எங்கள் டீம் லீட் நீட்டிய கையை மடக்காமல் என்னையே பார்த்தார். செங்கல்பட்டில் அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியில் நான் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம் அது. மதியம் எல்லாருடைய டப்பாவிலும் எல்லாருடைய கையும் போகும். மாமல்லபுரத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் என் டப்பாவில் முதலில் நுழைவது அவர் கைதான். அதுவரை ஒருநாளும் நான் தடுத்ததில்லை. அப்படித் தள்ளியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வலைத்தளம் செய்துகொண்டிருந்தோம். நோயாளிகள் தங்கள் முடிவைக் கைப்பேசியிலேயே பார்க்க வேண்டும். ஆனால் முடிவுகள் இருந்தது வேறொரு கம்பெனியின் சர்வரில். ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்திடம் நேராகப் போய்த் தகவல் கேட்டால், அந்தத் தளம் சம்மதிக்காதவரை பிரவுசர் பதிலைக் கண்ணில் காட்டாது. அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்கள் சர்வர் வந்து தகவல் எடுத்துக்கொள்ளச் சாவி கொடுத்திருந்தார்கள்; பிரவுசருக்கான சம்மதத்தை மட்டும் இன்று, நாளை என்று இழுத்தடித்தார்கள். அலுத்துப்போய் நடுவில் ஒரு ப்ராக்ஸி எழுதினேன். பக்கம் எங்கள் சர்வரைக் கேட்கும். எங்கள் சர்வர் அங்கே போய் வாங்கி வந்து கொடுக்கும். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பிரவுசர் தலையிட முடியாது. வேலை செய்தது. லீட் முதுகில் தட்டி, "கில்லாடிபா நீ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் சரியாகப் போகிறதா என்று பார்க்க, ப்ராக்ஸி வழியாக வரும் ஒவ்வொரு பதிலையும் முழுசாக என் திரையில் ஓடவிட்டிருந்தேன். தளம் மக்களுக்குத் திறந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதி பொய். முகம் தெரியாதவர்களின் சர்க்கரையும் கொழுப்பும் கர்ப்பமும் ஓடிக்கொண்டிருந்தன. பஸ் ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அதில் லீடின் பெயர் வந்தது. வயதும் அச்சரப்பாக்கம் முகவரியும் அவருடையவைதான். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று இருந்தது. இணையத்தில் தேடிப் படித்தேன். உப்பைக் குறைக்க வேண்டும் என்று எடுத்ததுமே போட்டிருந்தது. அன்று மதியம்தான் டப்பாவைத் தள்ளினேன்.

"நீ உப்பு பாத்து குடுக்குற ஆளு இல்லியே" என்றார் மெதுவாக. கை கழுவிவிட்டு நேராக என் இருக்கைக்கு வந்தார். திரையில் யாரோ ஒரு பெண்ணின் முடிவு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பதில்களைத் திரையில் காட்டும் அந்த வரியை அழித்தார்.

"வூட்ல இன்னும் சொல்லலபா. அவ மாசமா கீறா. கொழந்த பொறக்கட்டும்னு கீறேன்."

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேண்ணா."

"அது தெரியும். எத்தினி பேர்து படிச்ச?"

கேட்டுவிட்டு அவர் தன் இருக்கைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டப்பாவைத் தள்ளியபோது, எவ்வளவு நல்லவன் நான் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் அவர் பொத்தி வைத்திருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, அவரிடமே கரிசனம் காட்டியிருக்கிறேன். அடுத்த நாள் முதல் அவர் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் காரணம் கேட்கவில்லை.

இப்போது அவர் சென்னையில் வேறு வேலையில் இருக்கிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீடு திரும்பும்போது மின்சார ரயிலில் இடம் கிடைத்தால் எனக்குக் கூப்பிடுவார். ரயில் கூட்டம், புது மேனேஜர், மகளின் வால்தனம் என்று நிறையப் பேசுவோம். "உடம்பு எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்கத்தான் வாய் வருவதில்லை. யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். நான் கேட்டால் மட்டும் அது பழையபடி எட்டிப் பார்ப்பதாகிவிடும்.

போன வாரம் பேசி முடித்து, போனை வைக்கப் போன நேரத்தில், "நல்லாத்தான் கீறேன்பா" என்றார்.

நான் கேட்கவே இல்லை.