சகலை கோடு போட்ட பலகைகள்

பழைய ஊரில் ரசமட்டம் என்றால் எல்லாருக்கும் தெரியும். மட்டம் பார்க்கிற கருவியைப் போல, எங்கே கோணல் இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லாமல் நகரமாட்டார் என்பதால் அந்தத் தச்சருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. தெருவை அகலமாக்குகிறோம் என்று அவர் பட்டறையை இடித்துவிட்டார்கள். அக்கா இருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்றாள் மனைவி. அங்கேதான் வந்தது வினை. அக்காள் புருஷனும் தச்சர்தான். அந்த ஊரில் வெகுகாலமாகக் கொடிகட்டிப் பறக்கிறவர்.

புது ஊரில் முதல் வேலை ஒரு டாக்டரிடமிருந்து வந்தது. திறக்கப்போகும் ஆஸ்பத்திரி வாசலுக்கு இரட்டைக் கதவு. அது பிடித்துப்போனால் உள்ளே இருக்கிற அத்தனை கதவும் உங்களுக்கே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் சறுக்கினால் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டவேண்டியதுதான்.

நல்ல மரமும் நல்ல கருவியும் எங்கே கிடைக்கும் என்று அத்தானைக் கேளுங்களேன் என்றாள் மனைவி. அவளுக்கு மூச்சுக்கு முந்நூறு அத்தான். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் இவருக்குச் சோறு இறங்காது.

"மரத்தைப் பாக்க எனக்கு இன்னொருத்தன் கண்ணு வேணுமா?" என்று கிளம்பினார்.

இழைப்புளிக்குத் தகடு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டே விலை சொன்னார். பேச்சுவாக்கில் சகலையின் பெயர் வந்ததுதான் தாமதம், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், விலையையும் குறைத்தார். ரசமட்டமோ முதலில் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு, உட்காராமல் வந்துவிட்டார்.

மர டிப்போக்காரர்களோ புது ஆள் என்று முடிச்சும் வளைசலுமாகவே எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டுச் சகலையின் வண்டிக்குப் பின்னாலேயே போனார். ஊர்க்கோடியில் ஒரு டிப்போ. லாரி மறைவில் நின்று பார்த்தார். சகலை ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, சிலவற்றில் மட்டும் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பழைய ஊரில் கோடு போட்டால், இது எனக்கு, எடுத்து வை என்று அர்த்தம்.

சகலையின் தலை மறைந்ததும் ரசமட்டம் உள்ளே போய்க் கோடு போட்ட பலகை பூராவும் வேண்டும் என்றார். கோடு போட்டதா என்று டிப்போக்காரர் திருப்பிக் கேட்டார். ஆமாம், அதேதான் என்றார் இவர். ஊர்க் கோணலையெல்லாம் கண்டுபிடிக்கிற மனிதர் அன்று ஒரு பலகையைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. சகலைதான் தட்டியாகிவிட்டதே! பொறாமைக்காரனைப் போல எதிராளியின் திறமையை நம்புகிறவன் உலகத்தில் கிடையாது.

இழைக்க இழைக்க உள்வெடிப்பு வெளியே வந்தது. ஒன்றில் இரண்டில் இல்லை, அத்தனையிலும். நீங்களா தட்டிப் பார்க்காமல் வாங்கினீர்கள் என்று மனைவி கேட்டாள். அவள் அக்காவிடம் ஓடினாள். சகலை வந்து நின்றார். பலகையில் இன்னும் அழியாத தன் கோட்டைப் பார்த்தார்.

"சகல, இந்த ஊருல கோடு போட்டா வேண்டாம்னு தள்ளினதுன்னு அர்த்தம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ரசமட்டம் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருக்கலாம். ஆஸ்பத்திரி திறப்பு நெருங்கிவிட்டது, என்னிடம் காய்ந்த மரம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு வழியில்லை. போனார்.

சகலை தன் பட்டறையில் இருந்த நல்ல பலகைகளை வரிசையாக எடுத்துப் போட்டார். ரசமட்டம் இந்தத் தடவை விடவில்லை. முட்டி சிவக்கச் சிவக்க ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்றாவது பொத்தென்று கேட்காதா, ஒரு வெடிப்பாவது அகப்படாதா என்று மனசு அடித்துக்கொண்டது. பலகை தன் கதவுக்குத்தான் என்பதோ, கதவு கெட்டால் தன் பிழைப்பும் கெடும் என்பதோ அப்போது நினைவில் இல்லை.

எல்லாம் கணீரென்றுதான் கேட்டன. கடைசிப் பலகையை மட்டும் அவர் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.